கடலோரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் நலனும் பாதுகாப்பும்: ராமநாதபுரம் கரையோரப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நீளும் இந்தக் கரையில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்பாகத் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடிக்கும் தண்ணீர், வீட்டில் சேமித்து வைக்கும் தண்ணீர், பிள்ளைகள் விளையாடப் போகும் தண்ணீர் ஆகிய மூன்றையும் ஒழுங்குபடுத்திவிட்டால், மற்றவற்றைக் கவனிப்பதற்கு நேரமும் தெம்பும் மிஞ்சும். தந்தை கடலுக்குப் போய்விடுவதாலோ வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பதாலோ தாய் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும் வீடுகள் இங்கு ஏராளம். ஆகவே அப்பத்தாவோ அம்மாச்சியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நாளிலும் தவறாமல் நடக்கக்கூடிய எளிய முறைகளையே இங்கே எழுதியிருக்கிறேன்.

குடிக்கும் தண்ணீர்

இந்தக் கரையோரத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பாக இருப்பதால், உப்புக் கரிக்காத தண்ணீர் கிடைத்தாலே அது நல்ல தண்ணீர் என்று எண்ணும் பழக்கம் ஊன்றிவிட்டது. காவிரி கூட்டுக் குடிநீர் வராத நாள்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நெடுந்தூரம் போய் எடுத்துவரும் தண்ணீரும், லாரித் தண்ணீரும், மணலில் ஊற்றுத் தோண்டி இறைக்கும் தண்ணீரும் நாவுக்கு இனிமையாகவே இருக்கும். ஆனால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகளுக்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை. எங்கிருந்து வந்த தண்ணீரானாலும், குமிழ் விட்டுத் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் வைத்திருந்து, கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிட்டு, பிறகு குடிக்கக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர உப்பு போகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொதித்த தண்ணீர் கெட்டுப்போவது பெரும்பாலும் குடத்தில்தான். கைப்பிடி இல்லாத டம்ளரைக் குடத்துக்குள் விட்டு மொள்ளும்போது விரல்கள் தண்ணீரைத் தொடுகின்றன. அதன் பிறகு கொதிக்க வைத்ததில் பயனில்லை. அடியில் குழாய் பொருத்திய பாத்திரம் ஒன்றை வாங்குவது சிறந்தது. இயலாவிட்டால் நீண்ட காம்புள்ள அகப்பையைப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் உயரத்தில் மாட்டி வையுங்கள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் தண்ணீர்ப் பாட்டிலை, உறிஞ்சுகுழல் உள்ளதாயின் அந்தக் குழலையும் சேர்த்து, நாள்தோறும் சோப்பும் தூரிகையும் கொண்டு கழுவ வேண்டும்.

தண்ணீர் விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்ட வீடுகளில் பிள்ளைகள் கை கழுவுவது குறைந்துவிடுவது இயல்பு. ஆனால் கை கழுவுவதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் தேவையில்லை. பழைய பாட்டில் ஒன்றின் மூடியில் சிறு துளைகள் இட்டுக் கழிப்பறைக்கு அருகில் தொங்கவிட்டால் மிகக் குறைந்த தண்ணீரிலேயே கை சுத்தமாகிவிடும். கீழே விழும் தண்ணீரை முருங்கைக்கு விடலாம். முக்கியமானது சோப்பும், இருபது நொடி தேய்ப்பதும்தான். மலம் கழித்த பின், சாப்பிடும் முன், மீனையோ தூண்டில் இரையையோ தொட்ட பின் என இம்மூன்று நேரங்களிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நகத்தை வாரம் ஒரு முறை வெட்டுங்கள். பள்ளியில் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைப் பிள்ளை விழுங்கிவிட்டதா என்று கேட்டறியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், முதல் முறை நீராகப் போனதுமே ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தொடங்குங்கள். ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண்மதிப்பில் கலக்கக் கூடாது. பொட்டலம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். இங்குள்ள பெற்றோர் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: உவர்ப்புத் தண்ணீரில் இந்தக் கரைசலைத் தயாரித்தால் உப்பு அளவுக்கு மீறிவிடும் என்பதால், வீட்டில் உள்ளதிலேயே நல்ல தண்ணீரை இதற்கென ஒதுக்கி வையுங்கள். கஞ்சி, இட்லி, மோர்ச்சோறு ஆகியவற்றை நிறுத்த வேண்டியதில்லை. சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை தருவார்கள். போக்கு நின்றுவிட்டாலும் அதைப் பதினான்கு நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். கண் குழிவிழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாதல், எழுப்ப எழுப்பத் தூங்கிவிழுதல் ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்.

சேமித்த தண்ணீரும் காய்ச்சலும்

தண்ணீர் எப்போது வருமென்று தெரியாத ஊரில் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் இல்லாமல் குடித்தனம் நடத்த முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் அந்தத் தெளிந்த தண்ணீரில்தான். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால், வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று எல்லாப் பாத்திரங்களையும் காலி செய்து உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. விளிம்பில் ஒட்டியிருக்கும் முட்டை உலர்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் படும்போது பொரியும். காலி செய்ய இயலாத பெரிய தொட்டியின் வாயைப் பழைய வேட்டித் துணியால் இடைவெளியின்றி இறுக்கிக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வெளியே, நம் ஊர்களுக்கே உரிய இடங்களையும் பாருங்கள். கழித்துப்போட்ட தெர்மாகோல் மீன் பெட்டிகள், கரையில் ஏற்றிய வள்ளத்தின் அடியில் தேங்கிய மழைநீர், குவிந்து கிடக்கும் தேங்காய்ச் சிரட்டைகள், படகில் கட்டும் பழைய டயர்கள் ஆகியவற்றை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே அப்புறப்படுத்திவிட வேண்டும். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு ஆதலால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் கால் மறையும் உடையே நல்லது. ராமேசுவரம், பாம்பன் பகுதிகளில் மலேரியாவும் நெடுங்காலமாக இருந்துவந்த நோய் என்பதால் இரவில் கொசுவலையும் வேண்டும்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். ‘ஒரு மூடி’ என்னும் கணக்கை வீட்டிலிருந்தே விலக்கிவிடுங்கள். கடையில் கிடைக்கும் பாராசிட்டமால் மருந்துகளில் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. பிள்ளையின் எடையைச் சொல்லி, வீட்டில் உள்ள மருந்துக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ எழுதி வாங்கி, அந்தச் சீட்டைப் பாட்டிலிலேயே ஒட்டி வையுங்கள். பாட்டி கொடுத்தாலும் அளவு மாறாது.

டெங்குவில் பெற்றோர் ஏமாறுவது காய்ச்சல் விடும் நாளில்தான். மூன்றாம் நாளுக்கு மேல் உடல் குளிர்ந்ததும் பிள்ளை தேறிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். ஆனால் அடுத்த இரண்டு நாள்களில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமடையக்கூடும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், சில்லிட்ட கைகால், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது எரிச்சல் ஆகியவற்றை அந்த நாள்களில் இரவும் பகலும் கவனியுங்கள். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு இருப்பதால், தீவில் வாழ்பவர்கள் முதல் அறிகுறியிலேயே உள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கடல், ஊருணி, இறால் குட்டை

பள்ளி வயதுப் பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் முதன்மையான காரணங்களுள் நீரில் மூழ்குவதும் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடலோரப் பெற்றோர் கடலுக்கு அஞ்சும் அளவுக்கு ஊருணிக்கும் குட்டைக்கும் அஞ்சுவதில்லை, அஞ்ச வேண்டும். தூர்வாரிய ஊருணியின் ஆழம் ஓரடிக்கு ஓரடி மாறும். படிகள் பாசி பிடித்து வழுக்கும். சவுடு மண் அள்ளிய பள்ளம் மழைக்குப் பின் குளம்போல் அமைதியாகத் தெரியும். இறால் பண்ணைக் குட்டையின் கரை செங்குத்தாக இருப்பதோடு பிளாஸ்டிக் விரிப்பும் போட்டிருந்தால், உள்ளே விழுந்த பிள்ளை பிடித்தேறுவதற்கு ஒன்றும் அகப்படாது. காற்றூட்டும் விசிறிகளுக்குப் போகும் மின்கம்பிகள் வேறு அங்கே உண்டு. பள்ளிக்குப் போகும் வழியிலும் விளையாடும் இடத்தைச் சுற்றியும் இத்தகைய நீர்நிலைகள் எத்தனை உள்ளன என்று ஒருமுறை நடந்து பார்த்து, எது எதற்கு அருகில் போகவே கூடாது என்பதைப் பிள்ளைக்கு நேரில் காட்டிச் சொல்லுங்கள்.

கடலைப் பொறுத்தவரை, பெண் கடல் என்று நாம் அழைக்கும் வடகடலும் (பாக் விரிகுடா) வாடைக் காற்று வீசும் மாதங்களில் கொந்தளிக்கும்; தென்கடல் (மன்னார் வளைகுடா) தென்மேற்குக் காற்றில் சீறும். ஆகவே எந்தக் கரை பத்திரமானது என்பதற்குக் காற்றைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் நீரோட்டம் வலுவானது. அங்கே பிள்ளைகளைக் கால் நனைக்கவும் விட வேண்டாம். மற்ற இடங்களில் பிள்ளை தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தொலைவில் நிற்க வேண்டும். மூழ்கும் பிள்ளை கூச்சலிடுவது அரிது. ஓசையின்றி, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் அது நடந்துவிடும். கைப்பேசியைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்திருப்பது காவல் ஆகாது. கரைவலை இழுக்கும் நாளில் கயிற்றுச் சுருளுக்குள் பிள்ளை நிற்காதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் காலமாக ஆக்கிக்கொள்ளலாம் என்பது நான் மனமார வலியுறுத்தும் யோசனை. விசைப்படகில் போகும் தந்தை வீட்டில் இருக்கிறார். கோடை விடுமுறையும் அதே மாதங்களில்தான் வருகிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, அலையற்ற காலை வேளையில், இடுப்பளவு நீரில், முதலில் மல்லாந்து மிதக்கவும், பிறகு மூச்சுவிட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பவும் கற்றுக்கொடுங்கள். வேகமும் தூரமும் பிறகு வரட்டும். பெண் பிள்ளைகளுக்கும் இதே கல்வி வேண்டும். வள்ளத்தில் ஏற்றிப் போகும் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் அளவுக்கேற்ற உயிர்காப்பு மிதவை அணிவியுங்கள். அதே மாதங்களில் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் படகுகளின் அடியில் ஒளிந்து விளையாடுவதையும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

தோழன் ஒருவன் தண்ணீரில் தத்தளித்தால் தான் குதிக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் பதியவையுங்கள். உரக்கக் கத்திப் பெரியவர்களை அழைப்பதும், கயிறு, பனைமட்டை, மூடிய காலிக் கேன் என்று கையில் கிடைத்ததை எறிவதுமே அவர்கள் செய்ய வேண்டியவை. மீட்டெடுத்த பிள்ளையைத் தலைமேல் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் பொன்னான நேரத்தை வீணாக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். உடலில் அசைவு தெரியாவிட்டால், மார்பின் நடுவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது வீதம், முப்பது முறை அழுத்தி, இரண்டு முறை ஊதி, 108 வண்டி வரும் வரை தொடருங்கள். கண் விழித்துப் பேசினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீராலேயே அலசுங்கள். மணலால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். திருக்கை, கெளுத்தி ஆகியவற்றின் முள் குத்தினால், பெரியவர் தம் கையை விட்டுப் பார்த்துப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வைத்து, குத்திய இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். ஆழமாகத் தைத்த முள்ளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தரையில் இருப்பவை

சீமைக் கருவேல முள்ளும் துருப்பிடித்த தூண்டில் முள்ளும் கிடக்கும் தரையில் செருப்பின்றி நடக்கவிடக் கூடாது. ஐந்து வயதிலும் பத்து வயதிலும் போட வேண்டிய தடுப்பூசிகள் ரணஜன்னியிலிருந்து (டெட்டனஸ்) காப்பவை. பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் பலர் தடுப்பூசி அட்டையை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பக்கத்து வறண்ட நிலத்தில் சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் உண்டு. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இராது. விடியற்காலையில் பிள்ளை வயிற்றுவலி என்று அழுது, இமை சரிந்து, பேச்சுக் குழறினால் பாம்புக்கடி என்றே கருதி உடனே கிளம்புங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். கட்டிலும், பாய்க்கடியில் செருகிய கொசுவலையும் பாம்புக்கும் காப்பு. கடல் பாம்பு வலையிலிருந்து உதறி எறியப்பட்டுக் கரையில் கிடந்தாலும் தொடக் கூடாது என்று சொல்லி வையுங்கள். அதன் நஞ்சு கடுமையானது.

நாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். அன்றே முதல் ஊசி, பிறகு சுகாதார நிலையத்தில் குறித்துத் தரும் நாள்களில் மீதி ஊசிகள் என்று ஒன்றையும் விடாமல் போட வேண்டும். வெறிநோய் வந்த பிறகு உயிர் தப்புவது மிக மிக அரிது. அடி விழுமோ என்று பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. சொன்னால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி கூறுங்கள்.

படகு டீசலையும் மண்ணெண்ணெயையும் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

உணவு, வெயில், சாலை

அரசு தொடக்கப்பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும், நண்பகலில் முட்டையோடு சத்துணவும் கிடைக்கின்றன. பிள்ளை அவற்றை உண்கிறதா என்று விசாரியுங்கள். வீட்டில் முருங்கைக் கீரையும், முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலி, சாளை போன்ற சிறு மீன்களும் விலை உயர்ந்த எந்தச் சத்துமாவுக்கும் குறைந்தவை அல்ல. நல்ல மீனை விற்றுவிட்டு அந்தக் காசில் பாக்கெட் நொறுக்குத்தீனி வாங்கிக் கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. இரவு படுக்கும் முன் பல் துலக்கும் பழக்கம் இல்லாத வீடுகளில் அதை இந்த வயதிலேயே தொடங்குங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கண்ணையோ இதயத்தையோ பற்றி ஏதேனும் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளி விளையாட்டு வேண்டாம். நீர்மோர், இளநீர், நுங்கு ஆகியவை இங்கேயே கிடைப்பவை. உடல் கொதித்து, பிள்ளை உளறினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணி போர்த்தி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் பள்ளி விட்டதும் சாலையைத் தாண்டும் இடத்தில் ஒரு பெரியவர் நிற்பது முறை வைத்தாவது நடக்க வேண்டும். பத்து வயதுக்குள் உள்ள பிள்ளையால் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க இயலாது. இருசக்கர வண்டியில் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம்.

தொடுதலும் சொல்லுதலும்

உள்ளாடை மறைக்கும் இடங்களைப் பிறர் தொடக் கூடாது, பிறருடையதைத் தொடச் சொன்னாலும் மறுக்க வேண்டும், யாரிடமும் சொல்லாதே என்று எவர் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பவற்றை ஒன்றாம் வகுப்பிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுங்கள். கெடுதல் செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருப்பார் என்பதால், உறவினர் மடியில் உட்காரப் பிள்ளை மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். பிள்ளை ஒன்றைச் சொன்னால் முதலில் நம்புங்கள். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி மறைக்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம்.

புயல் காலம்

ஐப்பசி பிறந்துவிட்டால் வானிலை அறிவிப்பைக் காலையும் மாலையும் கேளுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் பிள்ளைகளைக் கடற்கரைக்கே அனுப்ப வேண்டாம். தந்தை ஊரில் இல்லாத வீட்டில், பள்ளி திடீரென்று மூடப்பட்டால் பிள்ளையை யார் அழைத்து வருவது என்பதை வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பிள்ளைக்குத் தன் முழுப்பெயர், பெற்றோர் பெயர், ஊர், ஒரு கைப்பேசி எண் ஆகியவை மனப்பாடமாக இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டை, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், காய்ச்சல் மருந்து, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், டார்ச் விளக்கு ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டி, புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கிளம்பும்போது எடுக்கும்படி வாசலருகே மாட்டிவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

புயல் கடந்த பின் கிணற்றுத் தண்ணீரை, பஞ்சாயத்தில் பிளீச்சிங் பொடி போட்டு ஒப்புதல் தரும் வரை, குளிக்கவும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பள்ளி திறக்கும் முதல் நாள் பிள்ளையோடு நீங்களும் முழு வழியும் நடந்து போங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பி, சாய்ந்த சுவர், வெள்ளம் மூடிய வாய்க்கால் எங்கெங்கே உள்ளன என்று பார்த்து, தேவையானால் அந்த வாரம் முழுவதும் வேறு வழியில் அழைத்துச் செல்லுங்கள்.